இடது கால் செருப்பு

பிப்ரவரி 12, வியாழன்

மல்லாந்து படுத்துக்கொண்டு எழுதினால் பேனாவில் மை இறங்காது என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். கில்பர்ட்டிடம் ஒரு பென்சில் கேட்டேன். மனிதர் பென்சிலோடு ரப்பரும் ஷார்ப்னரும் வாங்கி வந்திருக்கிறார், பொண்டாட்டியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப்போகிறவர் மாதிரி.

இந்த டைரி கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்தது. வருஷா வருஷம் கொடுப்பார்கள், நானும் வருஷா வருஷம் பரணில் போடுவேன். விமானத்தில் பறந்து வேலை பார்க்கிறவளுக்கு டைரி எழுத எங்கே நேரம்? இப்போது நேரம்தான் இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. ஒருக்களித்துப் படுப்பதற்குக்கூட நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

முதுகெலும்பில், இடுப்புக்குக் கிட்டே, ஒரு எலும்பு நசுங்கிவிட்டது. அதன் சில்லு ஒன்று இடது காலுக்குப் போகிற நரம்பை அழுத்திக்கொண்டிருந்ததாம். ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். எலும்பு சேர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார்.

"நரம்பு?" என்று கேட்டேன்.

"அது அதோட இஷ்டத்துக்குத்தான்மா வரும். வரலாம். வராமலும் போகலாம்."

எனக்கு வரும். டாக்டர்கள் எப்போதும் ஒரு சொல்லை மிச்சம் வைத்துத்தான் பேசுவார்கள், நாளைக்கு நாம் சண்டைக்குப் போகக்கூடாது பாருங்கள்.

பிப்ரவரி 14, சனி

வர்ஷினி வந்தாள். அன்றைக்கு என்னோடு விமானத்தின் பின்பக்கம் வேலை பார்த்த பெண். பெரம்பூர்க்காரி, வேலைக்குச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை.

"என்னாலதான்க்கா. என்னைய உக்கார வெச்சிட்டு நீங்க நின்னீங்க."

"ஏட்டி, மூக்கச் சிந்து முதல்ல. ரெண்டு பேரும் நின்னிருந்தா ரெண்டு பேருக்கும் கட்டில் போட்டிருப்பாங்க. அது நல்லாருக்குமா?"

அவள் போன பிறகு நடந்ததை மனதில் ஓட்டிப் பார்த்தேன். மும்பையிலிருந்து வந்து சென்னைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பெல்ட் விளக்கு எரிந்தாகிவிட்டது. கடைசி வரிசையில் ஒரு அம்மாள் மாத்திரை போடத் தண்ணீர் கேட்டார். கொடுத்துவிட்டுத் திரும்பினால், சாமான் வைக்கிற தட்டில் ஒரு அலுமினியப் பெட்டிக்குக் கொக்கி போடாமல் கிடந்தது. இறங்குகிற நேரத்தில் அது பிய்த்துக்கொண்டு வந்தால் யார் மண்டையாவது உடையும். "நீ உக்காந்து பெல்ட்டப் போடு, நான் பாத்துக்கிடுதேன்" என்று வர்ஷினியிடம் சொல்லிவிட்டுக் கொக்கியில் கையை வைத்தேன். அவ்வளவுதான். தரை கீழேயிருந்து எழும்பி வந்து என்னை அமுக்கியது. முழங்கால் இரண்டும் மடங்கின. என்ன ஏது என்று யோசிப்பதற்குள் அதே தரை காலடியிலிருந்து காணாமல் போய்விட்டது. தலை கூரையில் இடித்தது. அப்புறம் பொத்தென்று, உட்கார்ந்த வாக்கிலேயே, அந்தப் பெட்டியின் விளிம்பில் விழுந்தேன்.

இறங்கும்போது காற்று சட்டென்று மாறி வேகம் எல்லை தாண்டியதாம். துணை விமானி பதறிப்போய்க் கையால் விமானத்தின் மூக்கைத் தூக்கிவிட்டாராம், தூக்கியது அதிகம் என்று மறுபடி அமுக்கினாராம். பயணிகள் எல்லாரும் பெல்ட் போட்டிருந்தார்கள். முன்னால் இருந்தவர்களுக்கு ஒரு குலுக்கு, வயிற்றில் ஒரு கூச்சம், அவ்வளவோடு சரி. வாலில் நிற்கிறவர்களுக்குத்தான் எல்லாம்.

அதற்கு அப்புறம் நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. பெருமையாகவும் இருக்கிறது. எழுந்து என் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டேன். விமானம் நின்றதும் லிப்ஸ்டிக்கைச் சரிசெய்துகொண்டு பின்வாசலில் போய் நின்றேன். இறங்கின அத்தனை பேருக்கும் "நன்றி, வணக்கம்" சொன்னேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. மாத்திரை அம்மாள் என் கன்னத்தைத் தொட்டு, "உன் சிரிப்பு ரொம்ப நல்லாருக்கும்மா" என்றார். கடைசி ஆள் படியில் இறங்கியதும் கதவைப் பிடித்தபடியே சரிந்துவிட்டேன்.

இதைச் சொன்னபோது டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"உடைஞ்ச முதுகோட நின்னீங்களா? அந்தச் சில்லு அப்பதான் உள்ள போயிருக்கும். எதுக்கும்மா நின்னீங்க?"

எதுக்கு என்றால் என்ன சொல்ல? பயணி இறங்கும்போது நாங்கள் நிற்காமல் வேறு யார் நிற்பது?

பிப்ரவரி 20, வெள்ளி

கேப்டன் போன் செய்தார். ரொம்ப வருத்தப்பட்டார். துணை விமானி பையன் சாப்பிடவே இல்லையாம். "நான் சாப்பிட்டுட்டேன் சார், இன்னைக்கு இட்லி" என்றேன். அவர் சட்டென்று போனை வைத்துவிட்டார்.

யார் மேலும் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். பொய். எல்லார் மேலும் கோபமாக இருக்கிறது. காற்றின் மேலும்.

மார்ச் 2, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. பொழிச்சலூரில் எங்கள் வீட்டு மேலேதான் விமானங்கள் தாழ்ந்து போகும். வாடகைக்கு வீடு பார்த்தபோது சொந்தக்காரர் தயங்கித் தயங்கி அதைச் சொன்னார். "சார், அந்தச் சத்தத்துக்குத்தான் இவ வீடே புடிக்கா" என்று கில்பர்ட் சிரித்தார். இப்போது அதே சத்தம் நெஞ்சில் ஏறி மிதிக்கிறது. ஒவ்வொன்றும் எந்த ஊர் விமானம் என்று எனக்குத் தெரியும். இறங்குகிற ஒவ்வொரு விமானத்திலும் பின்பக்கத்தில் யாரோ ஒருத்தி இந்த நேரம் பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகக் குரோம்பேட்டை மொட்டைமாடிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த இடம் என்னுடையது.

மார்ச் 11, புதன்

பிசியோதெரபிக்காரர் நடக்கவிட்டார். நன்றாக நடக்கிறேனாம். சாயங்காலம் ஹாலிலிருந்து குளியலறைக்குத் தனியாகவே போனேன். திரும்பி வரும்போது பார்த்தால் இடது கால் செருப்பு ஹாலிலேயே, டிவிக்கு முன்னால் கிடக்கிறது. நான் ஒற்றைச் செருப்போடு போய்விட்டு வந்திருக்கிறேன். ரப்பர் செருப்பு பழசாகி வார் தளர்ந்துவிட்டது. கில்பர்ட்டிடம் புதுசு வாங்கிவரச் சொல்ல வேண்டும்.

மார்ச் 14, சனி

புதுச் செருப்பு வந்தது. இதுவும் லூசு. இந்தக் காலத்தில் எதையும் உருப்படியாகச் செய்கிறானா?

மார்ச் 29, குருத்து ஞாயிறு

விழுந்த பிறகு முதல்முதலாக மாதா கோயிலுக்குப் போனேன். முழந்தாள் போட முடியவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தே பூசை பார்த்தேன். பனிமய மாதாவுக்கு வேண்டிக்கொண்டேன். பிறந்த ஊர் தூத்துக்குடியாச்சே, அவளிடம் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 'வேற ஒண்ணும் கேக்கல தாயே, என்னைய மறுபடி அந்த வாசல்ல நிறுத்து' என்றேன்.

பூசை முடிந்து வெளியே செருப்புக் குவியலில் காலை நுழைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு அம்மாள் கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"ஏம்மா! ஏம்மா! ஒத்தச் செருப்போட போறியே! கால் சுடலியா?"

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் தார் ரோட்டில் வெறுமனே நின்றது. உச்சி வெயில்.

கூட்டத்தில் யாரோ மிதித்து இழுத்துவிட்டார்கள். கில்பர்ட் அந்த அம்மாள் கையிலிருந்த செருப்பை வாங்கி, நடுரோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எனக்கு மாட்டிவிட்டார். கையில் குருத்தோலையை வைத்துக்கொண்டு நான் மரம் மாதிரி நின்றேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள்.

"என்ன செய்யுதிய? எந்திரிங்க" என்று பல்லைக் கடித்தேன்.

ஏப்ரல் 15, புதன்

கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். குரலில் தேன். ஆறு மாதத்துக்குள் மெடிக்கல் பாஸ் செய்து, வருஷாந்திரப் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்துவிட்டால் பறக்கலாமாம். இல்லையென்றால் ஒப்பந்தம் அதோடு முடிந்ததாம்.

"ஏர்போர்ட்ல, கீழ ஏதாவது வேலை?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு என் மேல் அருவருப்பாக இருந்தது.

"இப்போதைக்கு வேகன்ஸி இல்ல மேடம். உடம்பப் பாத்துக்குங்க."

கில்பர்ட் கூரியர் ஆபீஸிலிருந்து வந்ததும் சொன்னேன். அவர் காலைக் கழுவிவிட்டு வந்து நிதானமாக உட்கார்ந்தார்.

"போதும்ட்டி. பறந்தவரைக்கும் போதும். உசிரோட வந்தியே, அதே பெரிசு."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "உங்களுக்கென்ன, சொல்லுதிய! நாளைக்கு உங்கள ஆபீஸ் பக்கம் வராதன்னா சும்மா இருப்பியளா? நான் யாருங்க அப்புறம்? காலைல எந்திரிச்சு நான் எதுக்குத் தல சீவணும்?"

அவர் எழுந்தார். மீன் குழம்பைச் சுடவைக்கப் போய்விட்டார். இந்த மனிதரோடு சண்டை போட்டால் சுவரோடு முட்டிக்கொள்வதுதான், சுவராவது திருப்பி இடிக்கும்.

மே 10, ஞாயிறு

மத்தியான வெயிலில் மொட்டைமாடியில் துணி காயப்போட்டேன். பழைய தெம்பு வந்துவிட்டது.

மே 11, திங்கள்

இடது பாதத்தில் பெரிய கொப்புளம். புதுச் செருப்பு கடித்திருக்கும்.

மே 13, புதன்

கொப்புளத்துக்குக் கில்பர்ட்தான் மருந்து போட்டார். உள்ளங்கால் முழுக்க இருக்கிறதாம். செருப்பு உள்ளங்காலில் கடிக்குமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மே 16, சனி

இன்றைக்கு அட்டைப்பெட்டியோடு வந்தார். பிரித்தால் பின்னால் வார் வைத்த செருப்பு, பக்கிள் போடுகிறது. எல்.கே.ஜி. பிள்ளைகள் போடுமே, அது.

"நானென்ன குழந்தையா? கெழவியா?"

"சும்மா வீட்டுக்குள்ள போட்டுக்கோட்டி."

"வீட்டுக்குள்ள எவ செருப்புக்கு வார் கட்டிக்கிட்டு நடப்பா? கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

அவர் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். திருப்பிக் கொடுத்திருப்பார். முகம் வாடிவிட்டது, பாவம். ஆனால் அந்தச் செருப்பை ஒரு தடவை போட்டுவிட்டால் அது என் காலை விடாது என்று எனக்குப் பயமாக இருந்தது.

மே 24, ஞாயிறு

அவர் வெளியே போன நேரம் கதவைச் சாத்திக்கொண்டு கொண்டை ஊசியால் குத்திப் பார்த்தேன். இடது பாதம், விரல்கள், கணுக்காலுக்கு மேலே வெளிப்பக்கம். குத்தினால் தெரிகிறது. அதாவது, குத்துவதைப் பார்த்துக்கொண்டே குத்தினால் தெரிகிறது.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை செய்தேன். அப்புறம் ரத்தத்தைத் துடைக்கத் துணி தேட வேண்டியதாகிவிட்டது.

சேசுவே, சேசுவே, சேசுவே.

ஜூன் 9, செவ்வாய்

மெடிக்கலுக்குத் தேதி வாங்கிவிட்டேன். ஜூலை மூன்று.

வர்ஷினி லீவு நாளிலெல்லாம் வருகிறாள். பயிற்சியில் செய்ய வேண்டியதை வீட்டிலேயே பழகுகிறோம். எங்கள் பீரோதான் விமானக் கதவு. கைப்பிடியைத் தூக்கித் திருப்பி, "கெட் அவுட்! கெட் அவுட்! லீவ் எவ்ரிதிங்!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். வர்ஷினி பயணி. அவள் ஹாலிலிருந்து ஓடிவந்து கட்டிலில் குதிப்பாள். கீழ்வீட்டுக்காரர் வந்து, "என்னம்மா, தீப்பிடிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ரொம்ப நாளைக்கப்புறம் வயிறு வலிக்கச் சிரித்தேன். எனக்கு இன்னும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது, கை தன்னால் போகிறது.

போகும்போது வர்ஷினி வாசலில் நின்று மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, கால் நல்லாருக்கா? நிஜமா சொல்லுங்கக்கா."

"ஏன், நான் நொண்டுதேனா?"

"நொண்டல. ஆனா நீங்க நடக்கறப்போ கீழயே பாத்துக்கிட்டு நடக்கறீங்க. முன்னாடியெல்லாம் அப்படிப் பாக்க மாட்டீங்க."

"தல சுத்துது, அதனால பாக்கேன்" என்றேன். தலை எனக்குச் சுற்றியதே கிடையாது.

ஜூன் 27, சனி

கண்ணாடி முன்னால் நடந்து பழகுகிறேன். கீழே பார்க்காமல்.

ஜூலை 3, வெள்ளி

பாஸ்!

எக்ஸ்ரே சுத்தம். குனியச் சொன்னார், குனிந்தேன். குதிகாலில் நடக்கச் சொன்னார், நடந்தேன். கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லி, "பஞ்சு படும்போதெல்லாம் 'தெரியுது'ன்னு சொல்லுங்க" என்றார் டாக்டர்.

வலது காலில் ஆரம்பித்தார். அவர் ஒவ்வொரு தடவையும் தொடுவதற்கு முன்னால் மூச்சைச் சின்னதாக இழுக்கிறார் என்று அப்போதே கண்டுகொண்டேன். பதினோரு வருஷம் பயணிகள் முகத்தையும் மூச்சையும் படித்தவள் நான். எவன் வாந்தி எடுக்கப்போகிறான், எவன் சண்டைக்கு வரப்போகிறான் என்று அதிலேயே தெரிந்துவிடும். இடது காலுக்கு வந்தார். மூச்சை இழுத்தார். "தெரியுது" என்றேன். மறுபடி மூச்சு. "தெரியுது." மறுபடி. "தெரியுது."

"வெரி குட்" என்று கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஜூலை 15, புதன்

நாளைக்குப் பயிற்சி. யூனிபார்மை இஸ்திரி போட்டாயிற்று. ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன். இடது ஷூவுக்குள் பஞ்சை மடித்து வைத்து இறுக்கமாக்கியிருக்கிறேன். கில்பர்ட் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஜெசி, ஒண்ணு சொல்லட்டுமா?"

"நாளைக்கு சாயங்காலம் சொல்லுங்க. இப்ப ஒண்ணும் சொல்லாதிய."

பயமாக இருக்கிறது. வேறு யாரிடம் சொல்ல? தாயே, நாளைக்கு ஒரு நாள் மட்டும். அப்புறம் நரம்பு தன்னால் வந்துவிடும்.

ஜூலை 16, வியாழன்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி எழுதிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

பயிற்சி மையத்தில் விமானத்தின் பின்பாதியை அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள். இருக்கைகள், நடைவழி, கதவு, கதவுக்கு வெளியே குதித்து இறங்கச் சறுக்கு. பிரமிளா மேடம்தான் நடத்தினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர். என்னைக் கண்டதும் தோளை அழுத்தினார். வர்ஷினிக்கும் இன்றைக்குத்தான் பயிற்சி. மற்றவர்களோடு பயணி மாதிரி உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

என் முறை வந்தது. புகை விட்டார்கள், விளக்கு அணைந்தது, மணி அடித்தது. பெல்ட்டைக் கழற்றி எழுந்தேன். நடைவழியில் நாலு வரிசை முன்னால் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கதவு ஜன்னல் வழியாக வெளியே நெருப்பு இல்லை என்று பார்த்தேன். கைப்பிடியைத் தூக்கி, தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அந்தக் கனமான கதவு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. என் குரல் எனக்கே கணீரென்று கேட்டது. "கம் திஸ் வே! லீவ் எவ்ரிதிங்! ஜம்ப்!" முதல் ஆள் குதித்தார். இரண்டாவது ஆள் குதித்தார். திரும்பி வந்துவிட்டேன், நான் என் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மூன்றாவதாக வர்ஷினி ஓடி வந்தாள். புகைக்குள் எதிலோ தடுக்கினாள். முகம் குப்புற விழுந்து கதவுக் கட்டையில் மோவாய் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் மேல் இன்னொரு பெண் விழுந்தாள். பிரமிளா மேடம் விசில் ஊதினார். விளக்கு எரிந்தது.

நடைவழி நடுவில் ஒரு கறுப்பு ஷூ கிடந்தது.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "யாருதுட்டி இது? ஓடுற வழியில ஷூவக் கழட்டிப் போட்டிருக்கு! அறிவில்லையா? நிஜமா தீப்பிடிச்சிருந்தா இந்நேரம் பின்னால இருக்கவங்க அத்தனை பேரும் செத்திருப்பாங்க!" என்று கத்தினேன்.

எல்லாரும் கீழே பார்த்தார்கள். அவர்கள் தங்கள் கால்களைப் பார்க்கவில்லை.

நானும் குனிந்தேன். என் இடது காலில் பஞ்சு ஒட்டின ஸ்டாக்கிங்ஸ் மட்டும் இருந்தது.

பிரமிளா மேடம் எல்லாரையும் வெளியே அனுப்பினார். வர்ஷினியை முதலுதவிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். என்னைப் பின்பக்க இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, ஷூவை எடுத்துக்கொண்டு என் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய அதிகாரி தரையில் உட்கார்ந்தது எனக்குத் தாங்கவில்லை.

"கண்ணை மூடு, ஜெசிந்தா."

மூடினேன்.

"காலை நீட்டு."

நீட்டினேன்.

"என்ன பண்ணியிருக்கேன், சொல்லு."

"ஷூவ மாட்டிவிட்டுட்டீங்க மேடம். தெரியுது."

"கண்ணைத் திற."

ஷூ அவர் மடியில் இருந்தது. அவருடைய கை என் கணுக்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அவர் கண் கலங்கிவிட்டது. "உடம்புல என்ன இருந்தாலும் வாசல்ல சிரிச்சிட்டு நில்லுங்கன்னு நான்தான் உங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுத்தேன். அன்னைக்கு நீ நின்னேன்னு கேள்விப்பட்டப்போ நான் பெருமையா எல்லார்கிட்டயும் சொன்னேன்மா. எவ்வளவு பெரிய முட்டாள்தனம்."

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஷூ லூசா இருந்துச்சுன்னு சொல்லி அடுத்த வாரம் இன்னொரு தேதி தர்றேன். அவ்வளவுதான் என்னால முடியும். வர்றியா? நீயே சொல்லு."

தாயே, இதோ கதவைத் திறந்துவிட்டாய் என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஷூவை டேப் போட்டு ஒட்டலாம். எத்தனையோ வழி இருக்கிறது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்து வர்ஷினி எட்டிப் பார்த்தாள். மோவாயில் வைத்திருந்த பஞ்சு முழுக்கச் சிவப்பு. கழுத்து வழியாகக் காலருக்கு இறங்கியிருந்தது. என்னைக் கண்டதும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, பல் தெரியச் சிரித்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. நீங்க தேதி வாங்குங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அது என்னுடையது. நான்தான் பிப்ரவரியில் பின்வாசலில் நின்றுகொண்டு அதைச் சிரித்தேன், இவள் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"சிரிக்காதட்டி!" என்று கத்தினேன். "வலிக்குதுன்னு சொல்லு. வலிக்குதா இல்லையா?"

அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. "வலிக்குதுக்கா" என்று குழந்தை மாதிரி அழுதுவிட்டாள்.

"தேதி வேண்டாம் மேடம்" என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்குப் புரிந்தது. பதினோரு வருஷம். மூன்று சொல்.

ஷூவை மாட்டிக்கொள்ளப் பிடிக்கவில்லை. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வெளியே வந்தேன். கேட்டுக்கு எதிரே புங்க மரத்தடியில் கில்பர்ட் வண்டியை நிறுத்திவிட்டு நின்றார். அரை நாள் லீவு போட்டிருக்கிறார், என்னிடம் சொல்லவே இல்லை. நான் நடந்து வருவதைப் பார்த்தார். கையில் இருந்த ஷூவைப் பார்த்தார்.

வண்டியின் பின்பெட்டியைத் திறந்து உள்ளேயிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். அதே வார் வைத்த செருப்பு. மே மாதத்திலிருந்து அதை வண்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"குருத்து ஞாயித்துக்கே தெரியும்ட்டி."

"ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன்."

நான் வண்டி சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ரோட்டோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் இடது காலைத் தூக்கி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். மண்ணைத் தட்டிவிட்டார். அங்கேயும் இங்கேயும் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். இந்தத் தடவை நான் அவரை எழுந்திரிக்கச் சொல்லவில்லை. தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது, எந்த ஊர் என்று பார்க்கவில்லை.

வாரைப் பக்கிளில் கோத்து இழுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏட்டி, இறுக்கமா இருக்கா?"

"தெரியலங்க" என்றேன்.